நாற்பதடி தூரத்தில் சகலை

செப்டம்பர் 4

சகலைக்கு,

இங்கு நலம். உங்கள் நலம் தெரிந்துகொண்டுதான் இருக்கிறேன். என் வீட்டுப் பெரியவளும் உங்கள் வீட்டுச் சின்னவளும் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கே கேட்கிறது, எனக்குக் கேட்காதா.

விஷயத்துக்கு வருகிறேன். அக்காவும் தங்கையும் சேர்ந்து தாய்லாந்தில் ஒரு தீவுக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். பிப்ரவரியில் ஐந்து நாள். கடலில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேரும் நின்று பேச வேண்டுமாம். நாலு வருஷமாக அவர்கள் ஒரு வேளைகூட ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. அது நம்மால்தான் என்று என் வீட்டில் தினமும் ஒரு தடவை சொல்லப்படுகிறது. உங்கள் வீட்டிலும் சொல்லப்படும்.

நிபந்தனை என்னவென்றால், ஏற்பாடு முழுவதும் நாம் இரண்டு பேரும் கலந்து பேசிச் செய்ய வேண்டும். அவர்கள் ஒரு டிக்கெட்டைக்கூடத் தொட மாட்டார்கள். நாம் செய்யாவிட்டால் பயணம் கிடையாது. போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் நமக்குள் முட்டிக்கொள்கிறது என்பதால், கடிதம் என்பதும் அவர்கள் உத்தரவுதான்.

மாதிரிக்கு ஒரு நாள் கால அட்டவணை கீழே:

5.40 எழுந்திருத்தல்
6.10 – 6.50 கடல் குளியல்
6.50 – 7.05 மணல் தட்டுதல்
7.05 – 7.35 காலை உணவு
7.50 படகில் பக்கத்துத் தீவு
12.40 – 1.20 ஓய்வு

மணல் தட்டப் பதினைந்து நிமிடம் அதிகம் என்று தோன்றினால் குறைக்கலாம்.

பெட்ரோல் பங்க் விஷயத்தை இதில் இழுக்கப் போவதில்லை. நீங்கள் வேனில் ஏறாததை நான் பார்க்கவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
பெரிய சகலை


செப்டம்பர் 12

மதிப்பிற்குரிய பெரிய சகலை அவர்களுக்கு,

லெட்டர் வந்துச்சு. மணல் தட்டற இடத்தைப் படிச்சிட்டு சின்னவ சிரிச்ச சிரிப்புல, கீழே நம்ம கண்ணாடிக் கடையில கண் பரிசோதனைக்கு உக்காந்திருந்த ஒரு அம்மா என்னமோ ஏதோன்னு எழுந்து வாசலுக்குப் போயிட்டாங்க. அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

சகலை, கடல் என்ன உங்க டவுன் பஸ்ஸா, 6.50-க்கு இறங்கறதுக்கு? நீங்க பஸ் கம்பெனியில நேர அட்டவணை போடறவர், ஒத்துக்கறேன். அதுக்காகப் பொண்டாட்டி கால்ல ஒட்டின மண்ணுக்குமா நேரம் குறிப்பீங்க?

எனக்கு வேணுங்கறது ரெண்டே ரெண்டு. படுத்துக்கிட்டே கடலைப் பார்க்கற மாதிரி ஒரு ரூம். ரெண்டு தென்னைக்கு நடுவுல கட்டித் தொங்கவிட்ட வலை ஒண்ணு. அதுல நான் ஏறிப் படுத்தப்புறம் யாரும் என்கிட்ட மணி சொல்லக் கூடாது.

பங்க் விஷயத்தை இழுக்கப் போறதில்லைன்னு சொல்லிட்டு நீங்களே இழுத்துட்டீங்க. அதனால நானும் ஒரு தடவை சொல்லி முடிச்சிடறேன். நாலு வருஷம் முன்னாடி குடும்பத்தோட வேன்ல மலைக்குப் போனோம். டீ குடிக்க இறங்கினவனை விட்டுட்டு வேன் கிளம்பிடுச்சு. என் போனும் வேன்லயே போயிடுச்சு. சின்னவ பின் சீட்ல தூங்கிட்டிருந்தா. முன் சீட்ல உக்காந்து "எல்லாரும் ஏறியாச்சு, வண்டியை எடு"ன்னு டிரைவர்கிட்ட சொன்னது நீங்க. மூணு மணி நேரம் ஒரு தேஞ்ச டயர் மேல உக்காந்திருந்தேன்.

அந்த மூணு மணி நேரம் எனக்குப் பெருசில்ல. நான் நின்னது நாப்பதடி தூரத்துல. உங்க மூக்கு மேல இருந்தது நான் போட்டுக் குடுத்த கண்ணாடி. அதைப் போட்டு உங்களைக் கடை வாசல்ல நிக்க வச்சு, நூறடி தள்ளி நின்ன பஸ்ஸோட நம்பரைப் படிக்க வச்சவன் நான். ஒண்ணு, நீங்க பார்க்கலைன்னு சொல்றது பொய். இல்ல, என் கண்ணாடி பொய். ரெண்டாவதுன்னா நான் கடையை இழுத்து மூடிட்டு வேற பொழப்பு பார்க்கணும்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரன்


செப்டம்பர் 21

சகலைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்குப் பதில் இல்லை. மற்றவற்றுக்குப் பதில்:

கடல் குளியல் 6.10 முதல் 9.00 வரை நீட்டிக்கப்பட்டது. மணல் தட்டுதல் நீக்கப்பட்டது. மலை மேலே இருக்கும் விடுதியில் சத்தம் குறைவு, காற்று நன்றாக வரும் என்று எழுத நினைத்தேன். பெரியவள் எட்டிப் பார்த்து, "அவர் கேட்டதுல ஒண்ணாவது செய்யுங்களேன்" என்றாள். கடலைப் பார்த்த இரண்டு அறைகளுக்குச் சொல்லியாகிவிட்டது. வலை தொங்குகிறதா என்று விடுதி நடத்தும் அம்மாளுக்கு எழுதிக் கேட்டேன். தொங்குகிறதாம், இரண்டு. எனக்கு எதற்கு இரண்டாவது என்று தெரியவில்லை.

நீங்கள் உங்கள் ஊரிலிருந்து வருவீர்கள், நாங்கள் இங்கிருந்து. பிப்ரவரி 12, வியாழக்கிழமை காலை இரண்டு விமானமும் முக்கால் மணி நேர இடைவெளியில் இறங்கும். அங்கிருந்து படகுத்துறைக்கு பஸ். மதியம் 1.30 படகு. நாலு பேருக்கும் விமான டிக்கெட் எடுத்துவிட்டேன், உங்களுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன். படகுக் கம்பெனியின் அட்டவணையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் சரிபார்க்கத் தேவையில்லை. இருபத்திரண்டு வருஷம் அட்டவணை போட்டவன் பார்த்து எடுத்த படகு.

இப்படிக்கு,
பெரிய சகலை


அக்டோபர் 1

பெரிய சகலைக்கு,

சரிபார்க்கத் தேவையில்லைன்னு நீங்க எழுதினதால உடனே சரிபார்த்தேன்.

1.30-க்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டிருக்கான். பக்கத்தோட அடியில எறும்பு வரிசை மாதிரி ஒரு எழுத்து. "திங்கள், புதன், வெள்ளி மட்டும்." நீங்க எடுத்திருக்கறது வியாழன். தினமும் ஓடற படகு காலையில 7.10 ஒண்ணுதான், அப்ப நாம ஆகாசத்துல இருப்போம். ஆகமொத்தம் வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் நாலு பேரும் படகுத்துறையில பெட்டி மேல உக்காந்திருக்கணும். எனக்குக் கவலையில்ல, பழகினதுதான். ஒரு பழைய டயர் கிடைச்சா போதும்.

அட்டவணையில நட்சத்திரம் போட்டு, கீழே பொடி எழுத்துல "ஞாயிறு தவிர", "பள்ளி நாட்கள் மட்டும்"னு எழுதி உங்க ஊர் சனங்களை இருபத்திரண்டு வருஷமா பஸ் ஸ்டாண்டுல நிக்க வச்சவர் நீங்க. உங்களையே ஒரு நட்சத்திரம் கவுத்துடுச்சேன்னு நானும் சின்னவளும் அன்னிக்கு முழுக்கச் சிரிச்சோம்.

சிரிச்சு முடிச்சப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அட்டவணையில நட்சத்திரத்தை முதல்ல பார்க்கற ஆள் நீங்க. உங்களுக்கு அது கண்ணுல படலைன்னா, அது கவனக்குறைவு இல்ல. உங்களால அதைப் படிக்க முடியல.

இதோட கண் பரிசோதனை அட்டை ஒண்ணு வச்சிருக்கேன். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல உக்காருங்க. இப்ப போட்டிருக்கற கண்ணாடியோட, புத்தகம் படிக்கற தூரத்துல பிடிச்சு, மேலேருந்து எத்தனாவது வரி வரைக்கும் தெரியுதுன்னு எழுதுங்க. கையை நீட்டாதீங்க. கண்ணைச் சுருக்காதீங்க. எனக்கு இங்கிருந்தே தெரியும்.

சண்டை வேற, கண்ணு வேற.

கண்ணாடிக் கடைக்காரன்


அக்டோபர் 9

சகலைக்கு,

எங்கள் விமானத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். உங்கள் ஊரிலிருந்து வெள்ளிக்கிழமை இடமில்லை, புதன்கிழமைதான் கிடைத்தது. தவறு என்னுடையது, ஆனால் மறுபடியும் காத்திருக்கப் போவது நீங்கள். இரண்டு நாள். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாழ்நாள் முழுக்க ஓட்டுவார்கள்.

அட்டை: இரண்டாவது வரி வரை. மூன்றாவது வரியில் எழுத்து இருக்கிறது என்பது தெரிகிறது. கையை நீட்டினால் நாலாவது வரியும் தெரிகிறது, ஆனால் நீட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள்.

கண்ணாடி பழையதுதான். நீங்கள் போட்டுக் கொடுத்தது. இடது பக்கம் கீறல் விழுந்திருக்கிறது, காதில் மாட்டும் கம்பியை நூல் சுற்றிக் கட்டியிருக்கிறேன். எங்கள் தெருவிலேயே இரண்டு கண்ணாடிக் கடை இருக்கிறது. பெரியவள் திட்டாத நாளில்லை. ஒரு தடவை ஒரு கடைக்குள் போய் உட்காரவும் செய்தேன். அந்தப் பையன் கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க சார் போட்டது?" என்று கேட்டான். கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்னொரு கடையில் போட்டுக்கொண்டால் நமக்குள் எல்லாம் முடிந்துபோனதாக அர்த்தம் ஆகிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். பைத்தியக்காரத்தனம்தான்.

பெரிய சகலை


அக்டோபர் 17

அண்ணே,

உங்க லெட்டரைக் கடையில உக்காந்து படிச்சேன். நூல் சுத்தின இடம் வந்ததும் எழுந்து உள்ளே போயிட்டேன். நாலு வருஷமா நீங்க எங்கேயோ நல்லா ஜம்முனு புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரியறதா நினைச்சு நான் வயிறு எரிஞ்சிட்டிருந்தேன். எவன் போட்டுக் குடுத்தானோ, மூக்குல சரியா உக்காருதோ என்னமோன்னு வேற கவலை.

உங்க கண்ணோட பவர் எழுதின பழைய சீட்டு இங்க பத்திரமா இருக்கு. தூரத்துக்கு அதே பவர், கீழ்ப்பாதியில படிக்கறதுக்குப் புதுப் பவர் வச்சு அனுப்பியிருக்கேன். பெட்டிக்குள்ள பஞ்சு சுத்தி இருக்கு, கத்தியால கிழிச்சுடாதீங்க. இது தற்காலிகம். சரியான பரிசோதனைக்குச் சோதனைக் கண்ணாடிப் பெட்டியைத் தீவுக்கே தூக்கிட்டு வரேன். தென்னை மரத்துல அட்டையை மாட்டி உங்களைப் படிக்க வைக்கறேன். அந்த வேலைக்கு எத்தனை நிமிஷம்னு அட்டவணையில போட்டுக்கோங்க.

முதல் ஒரு வாரம் படியிறங்கும்போது ஜாக்கிரதை.

புதன்கிழமையே போய்க் காத்திருக்கறதைப் பத்திக் கவலை வேண்டாம். கடற்கரையில காத்திருக்க யாருக்காவது கசக்குமா. பங்க் விஷயத்தை நான் இனிமே கேக்க மாட்டேன், விட்டுடுவோம்.

சின்ன சகலை


அக்டோபர் 29

தம்பி,

படிக்கட்டில் கடைசிப் படி மிதக்கிறது. இரண்டு தடவை இல்லாத படியில் கால் வைத்தேன். ஆனால் ஆபீசில் என்னுடைய அட்டவணைகளையே எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரத்துக்குக் கீழே நான் போடும் எழுத்து எவ்வளவு பொடி என்று இப்போதுதான் தெரிகிறது. பாவம் சனங்கள்.

விட்டுடுவோம் என்று எழுதியிருக்கீங்க. கண்ணாடி வராமலிருந்தா விட்டிருப்பேன். இதைப் போட்டுக்கிட்டு அதை மறைக்க முடியல.

நான் பார்த்தேன், தம்பி.

அன்னிக்குக் காலையிலேருந்து ஒவ்வொரு இடத்துலயும் நீங்க கடைசியா ஏறுனீங்க. பதினொரு நிமிஷம், ஒன்பது நிமிஷம், பதினாலு நிமிஷம். சின்ன நோட்டுல எழுதிக்கிட்டே வந்தேன், அந்த நோட்டு இன்னும் இருக்கு. பங்க்ல நீங்க டீ டம்ளரோட நின்னுட்டிருந்தது வேனோட பக்கக் கண்ணாடியில தெளிவாத் தெரிஞ்சுது. அஞ்சு நிமிஷம் தவிக்கட்டும், புத்தி வரும்னு நினைச்சு வண்டியை எடுக்கச் சொன்னேன். கொஞ்ச தூரம் போய் நிறுத்தச் சொல்லலாம்னுதான். அந்த ரோட்டுல பத்தொன்பது கிலோமீட்டருக்குத் திரும்ப வழியே இல்ல. திரும்பினா எதிர்ப்பக்கம் லாரி கவிழ்ந்து கிடக்குது. சின்னவ முழிச்சு, "அவர் எங்கே?"ன்னு கேட்டா. அப்ப பார்க்கலைன்னு சொல்லிட்டேன். ஒரு தடவை சொன்னதும் அதையே பிடிச்சுத் தொங்க வேண்டியதாப் போச்சு.

உங்க கண்ணாடி மேல ஒரு குறையும் இல்ல. நூறடிக்கும் தெரியும்.

மன்னிச்சிடுங்க.

உங்கள் அண்ணன்


நவம்பர் 20

தம்பி,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. பெரியவள் போனில் பேசுவது இப்போதெல்லாம் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்க மாட்டேன் என்கிறது. மெதுவாகப் பேசுகிறார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் புரிந்துகொள்வேன். ஆனால் பயணத்தை நிறுத்த வேண்டாம். நீங்கள் மூன்று பேரும் போய் வாருங்கள். நான் வீட்டில் இருக்கிறேன். பெரியவள் நீச்சல் உடை வாங்கிவிட்டாள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை எடுத்துப் பார்த்து மடித்து வைக்கிறாள். இரண்டு பேரும் தண்ணீரில் நின்று பேசட்டும். என்னால் அது மறுபடியும் கெட வேண்டாம்.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அண்ணன்


நவம்பர் 27

அண்ணே,

மூணு வாரம் நீங்க டயர் மேல உக்காந்த மாதிரி ஆயிடுச்சு. வேணும்னு செய்யல. நாலு தடவை எழுத உக்காந்தேன், நாலும் கிழிச்சுப் போட்டேன்.

முதல் நாள் கோபம் வந்துச்சு, மறைக்கல. நோட்டுல நிமிஷம் எழுதினவரை என்ன செய்யறதுன்னு பல்லைக் கடிச்சேன். சின்னவகிட்ட லெட்டரைக் குடுத்தேன். அவ படிச்சு மடிச்சு வச்சுட்டு, "சரி, அவர் சொல்லிட்டார். நீங்க எப்ப சொல்லப் போறீங்க?"ன்னு கேட்டா. அதுக்குத்தான் மூணு வாரம்.

நான் சொல்லாத ஒண்ணு இருக்கு. அன்னிக்கு டீ எப்பவோ முடிஞ்சுடுச்சு. டம்ளர் காலி. நீங்க முன் சீட்ல நிமிஷத்துக்கொரு தடவை வாட்சைப் பார்க்கறதை நாப்பதடி தள்ளி நின்னு நான் ரசிச்சிட்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் கடுப்பாகட்டும்னு காலி டம்ளரை உதட்டுல வச்சு உறிஞ்சற மாதிரி நடிச்சேன். காலையிலேருந்து அந்தப் பதினொண்ணு, ஒன்பது, பதினாலு எல்லாமே அப்படித்தான். உங்க நோட்டுக் கணக்கு சரிதான்.

வண்டி நகர்ந்தப்ப நீங்களும் விளையாடறீங்கன்னு நினைச்சு நான் சிரிச்சேன். பின் விளக்கு வளைவுல மறைஞ்சப்புறம்தான் சிரிப்பு நின்னுச்சு.

ஆக நம்ம ரெண்டு பேரோட அழகுக்கு அவங்க ரெண்டு பேரும் நாலு வருஷம் பிரிஞ்சு கிடந்திருக்காங்க. நினைச்சாலே கேவலமா இருக்கு.

வீட்டுல இருக்கேன் கீட்டுல இருக்கேன்னு மறுபடி எழுதினீங்கன்னா அடுத்த கண்ணாடியில வேணும்னே தப்பான பவர் வச்சுடுவேன். நீங்க வரணும். ரெண்டாவது வலை யாருக்குன்னு கேட்டீங்களே, உங்களுக்குத்தான்.

தம்பி


ஜனவரி 30

தம்பி,

இறுதி அட்டவணை. நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும்.

புதன் 11: நீங்களும் சின்னவளும் மதியம் 1.30 படகில் தீவு.
வெள்ளி 13: நாங்கள் 1.30 படகில். தீவு சேரும் நேரம் 3.15.
சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்: ஒன்றும் எழுதவில்லை. மூன்று தடவை பேனாவை எடுத்தேன், பெரியவள் பிடுங்கி வைத்துவிட்டாள்.
புதன் 18: எல்லோரும் திரும்புதல். படகு கிளம்பும் நேரம் \*

\* நீங்கள் ஏறிய பிறகு.

கீழ்க்குறிப்பைப் பெரிய எழுத்தில்தான் போட்டிருக்கிறேன். இனிமேல் ஆபீசிலும் அப்படித்தான் போடப் போகிறேன். எழுத்து பெரிதானால் அட்டவணை ஒரு பக்கத்தில் அடங்காது என்று மேனேஜர் குதிக்கிறார். குதிக்கட்டும்.

அண்ணன்


பிப்ரவரி 13, தீவு

அண்ணே,

இதை உங்க ரூம்ல, தலையணை மேல வச்சிட்டுக் கிளம்பறேன். நீங்க படிக்கும்போது நாம பார்த்து முடிச்சிருப்போம். இருந்தாலும் எழுதணும்னு தோணுச்சு, பழகிடுச்சு.

ரூம் நீங்க எழுதின மாதிரியே இருக்கு. படுத்தா கடல் தெரியுது. தண்ணி கரையோரம் வெளிர் பச்சை, தள்ளிப் போகப் போக நீலம். உங்க வலையில நேத்து ஒரு பூனை தூங்குச்சு, நான் எழுப்பல. சின்னவ இன்னும் தண்ணியில இறங்கலை. ரெண்டு நாளா கரையில நின்னு கால் மட்டும் நனைச்சுட்டு வரா. அக்கா வரட்டும், சேர்ந்துதான் இறங்குவேன்னு ஒரே பிடிவாதம். இன்னிக்குக் காலையில ஆறு மணிக்கே நீச்சல் உடையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா.

சோதனைக் கண்ணாடிப் பெட்டியில ஒண்ணும் உடையல.

உங்க படகு 3.15-க்கு. இப்ப மணி 1.40. நான் இப்பவே படகுத்துறைக்குப் போறேன், எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு. அங்க நீளமா ஒரு மரப் பாலம் இருக்கு. படகு வந்து நிக்கிற இடத்துலேருந்து நாப்பதடி நடந்து அளந்து, ஒரு கம்பத்துல சாக்பீஸால கோடு போட்டு வச்சிருக்கேன். அங்கதான் நிப்பேன். கையாட்ட மாட்டேன், கூப்பிட மாட்டேன்.

நீங்க இறங்கினதும் நிமிர்ந்து பாருங்க. பார்த்துட்டு, பார்த்தேன்னு சொல்லுங்க.

தம்பி